மூணு மாசம் கழிச்சு அதே ஆளைக் கண்டுபிடிக்கணும்: மதுரைக்கு மேக்க ஒரு கிட்னி ஆய்வு உருவான விதம்

கிட்னி ஆராய்ச்சின்னு சொன்னதும் எல்லாரும் மொதல்ல கேக்குறது என்ன மிஷின் இருக்கு, ஃபண்டு எவ்வளவு வந்துச்சுன்னுதான். மூணு மாசம் கழிச்சு அதே ஆளை மறுபடி எப்படிப் பிடிப்பீங்கன்னு யாரும் கேக்குறதில்ல. ஆனா இந்த வேலையில உண்மையான கஷ்டம் அங்கதான் இருக்கு. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு ஒன்றியத்துல கொஞ்ச வருஷமா நடக்குற ஒரு சின்ன கூட்டு முயற்சிய இங்க முழுசா எழுதுறேன், நான் அதுல களப்பணி ஒருங்கிணைப்பாளர். ஊர்க்காரங்க பேரு, ஊரு பேரு எதையும் போடலை, அது அவங்களுக்குக் குடுத்த வாக்கு. எத்தனை பேருக்கு என்ன வந்துச்சுங்கிற எண்ணிக்கையும் இங்க இருக்காது, அதை முறையா சரிபார்த்து முடிச்சு கட்டுரையாத்தான் வெளிய விடணும். இந்தப் பக்கத்துல ஆராய்ச்சி பண்றதுக்கான ஆளையும் பழக்கத்தையும் எப்படி உண்டாக்குனோம்கிறதுதான் இங்க விஷயம்.

கேள்வி வந்தது டயாலிசிஸ் ரூம்லருந்து. மதுரையில கிட்னி டாக்டரா இருக்குற ஒருத்தர், எங்க குழுவுல மூத்தவர், அவரு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாரு: நாப்பதைத் தாண்டாத ஆளுங்க, சுகர் கிடையாது, பிரஷரும் பெருசா கிடையாது, கால் வீங்கல, மூத்திரம் நுரைக்கல, ஆனா வரும்போதே கடைசி ஸ்டேஜ், ரத்தத்துல உப்பு, அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, எகிறிப்போய் வர்றாங்க, என்ன வேலைன்னு கேட்டா செங்கல் சூளை, கல்லு குவாரி, கரும்பு வெட்டு, இல்லாட்டி வெயில்ல தோட்ட வேலை. இதுக்கு கேஸ் ஷீட்ல காரணம்னு எழுதுற எடத்துல "தெரியவில்லை"ன்னு எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குதுன்னு சொன்னாரு.

இது அவரு ஒருத்தரோட அனுபவம் மட்டும் இல்ல. இந்தியாவுல கிட்னி டாக்டர்கள் சேர்ந்து நடத்துன தேசிய சிகேடி (நாள்பட்ட கிட்னி நோய்) பதிவேடு 2012-ல கட்டுரையா வந்துச்சு, 52,273 நோயாளிங்க அதுல இருக்காங்க. சுகர்னால வந்தது 31 சதவீதம், அடுத்தபடியா "காரணம் கண்டுபிடிக்க முடியாதது" 16 சதவீதம், அதாவது ஆறுல ஒருத்தர். பாதிக்குக் கொஞ்சம் கம்மியான பேரு அஞ்சாவது, அதாவது கடைசி ஸ்டேஜ்லதான் டாக்டரையே பார்த்திருக்காங்க. ஆனா அந்தப் பதிவேட்டுல இருக்குறவங்க கிட்னி டாக்டர் வரைக்கும் வந்து சேர்ந்தவங்க. சேடப்பட்டி பக்கத்துலருந்து ஒரு நாள் கூலிய விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி மதுரைக்கு வர முடியாதவங்க எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. ஆஸ்பத்திரி கணக்கை வச்சு எவ்வளவு நல்லா ஆராய்ச்சி பண்ணாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதுங்கிறது அங்கயே தெரிஞ்சுபோச்சு.

மத்த நாட்டுலயும் கதை இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. எல் சால்வடார்ல சான் சால்வடார் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வழக்கமான காரணமே இல்ல, பலபேரு கடலோரத்து விவசாயக் கூலிங்கன்னு அங்கத்து டாக்டர்கள் 2002-ல எழுதினாங்க. இலங்கையில அனுராதபுரம், பொலன்னறுவை பக்கம், குளத்துப் பாசன நெல்லு விவசாயம் பண்றவங்ககிட்ட 1990-கள்லருந்தே இந்தப் பிரச்சினை பேசப்படுது. நம்ம பக்கத்து மாநிலத்துல ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம், முந்திரியும் தென்னையும் நிறைஞ்ச பூமி, அங்கயும் இதே. வெக்கை, தண்ணி வத்திப்போறது, பூச்சி மருந்து, தண்ணியில இருக்குற ஃபுளோரைடு, சிலிக்கா தூசி, வலி மாத்திரை, எலிக்காய்ச்சல்னு காரணத்துக்கு ஒரு பெரிய பட்டியலே இருக்கு, ஆனா இதுதான்னு உறுதியா ஒண்ணும் முடிவாகலை. இலங்கையில 2015-ல கிளைபோசேட் களைக்கொல்லிய தடையே பண்ணாங்க, அப்புறம் அந்தத் தடை தளர்ந்துச்சு, காரணம் மட்டும் இன்னைக்கும் விவாதத்துலதான் இருக்கு. அளவெடுக்காம முடிவெடுத்தா என்ன ஆகும்கிறதுக்கு எனக்கு அதுதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுலயே உப்பளத் தொழிலாளிங்ககிட்ட வெக்கையும் கிட்னியும் பத்தி சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் வேலை பண்ணியிருக்காங்க. தேடுன எடத்துலதான் கிடைச்சிருக்கு, எங்க பக்கம் யாரும் ஒழுங்கா தேடலை.

ஒண்ணுக்கு டெஸ்ட் மட்டும் போதாது

ஊருக்குள்ள போய் கிட்னி பிரச்சினைய முன்னாடியே கண்டுபிடிக்கிறதுல தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. டாக்டர் எம்.கே. மணி ஆரம்பிச்ச சென்னை கிட்னி ஹெல்ப் ட்ரஸ்ட், சென்னைக்குப் பக்கத்து கிராமங்கள்ல உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்புனாங்க. பிரஷர் பார்க்குறது, மூத்திரத்துல சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் விட்டுக் கலங்குதான்னு பார்க்குறது, பெனடிக்ட் கரைசல்ல சூடு பண்ணி சுகருக்கு நிறம் மாறுதான்னு பார்க்குறது, அவ்வளவுதான். மருந்தும் பழைய, மலிவான மருந்துங்க. செலவு ஊர் ஜனத்தொகைக்கு வகுத்துப் பார்த்தா ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு டாலர் கூட ஆகலை, 2003-லயே இது சர்வதேச கிட்னி இதழ்ல வந்துருச்சு. எங்க குழுவுல புதுசா யாரு சேர்ந்தாலும் முதல்ல படிக்கக் குடுக்குறது அந்தக் கட்டுரையத்தான்.

அரசாங்கமும் இப்ப இறங்கியிருக்கு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு, 2023-ல சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மூத்திரப் பட்டை டெஸ்ட் பண்றாங்க. சுகர், பிரஷர்னால வர்ற கிட்னி கோளாறுக்கு இது ரொம்ப நல்லது, முக்கியமா சுகர்னால வர்றதுல பெரும்பாலும் மூத்திரத்துல புரோட்டீன் சீக்கிரமே ஒழுக ஆரம்பிக்கும்.

சிக்கல் என்னன்னா நாங்க தேடுற நோயி அப்படி இல்ல. வெயில்ல வேலை செய்றவங்களுக்கு வர்ற இந்தக் காரணம் தெரியாத வகையில அடி விழுறது பெரும்பாலும் கிட்னிக்குள்ள ரத்தத்தை வடிகட்டுற சல்லடைக்கு இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்குற குழாய்களுக்கும் அதைச் சுத்தியிருக்குற திசுவுக்கும். புரோட்டீன் கொஞ்சமாத்தான் போகும், சில பேருக்குப் போகவே போகாது, பட்டையில ஒண்ணும் காட்டாது, "உங்களுக்கு நல்லாருக்கு"ன்னு அனுப்பிருவோம். அதனால ரத்தம் எடுத்து கிரியாட்டினின், அதாவது உப்புன்னு சொல்ற அந்தக் கழிவு எவ்வளவு இருக்குன்னு பார்த்தே ஆகணும், ரத்தம்னு வந்ததும் வேலை பத்து மடங்கு ஆயிருது.

ஒரே ரத்தம், ரெண்டு பதில்

ஆரம்பத்துல எங்க புள்ளியியல் பேராசிரியர் ஒரு வேலை பண்ணச் சொன்னாரு, அவரு மதுரையில ஒரு கலைக்கல்லூரியில இருக்காரு, மருத்துவத்துக்கு சம்பந்தமே இல்லாதவரு, அதனாலயே நல்ல கேள்வியா கேப்பாரு. ஒருத்தர்கிட்ட எடுத்த ரத்தத்தைப் பிரிச்சு வேற வேற லேபுக்கு அனுப்புங்க, என்ன வருதுன்னு பார்ப்போம்னாரு. வந்த பதிலுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. எந்த லேபையும் குறை சொல்றதுக்காக இதை எழுதலை, அவங்க முறையாத்தான் பண்றாங்க. ஆனா ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு படிக்கல்லு இருந்தா சந்தையில யாரு வாங்குனது எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது?

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 52 வயசு ஆம்பளை, கிரியாட்டினின் 1.2-ன்னு ஒரு லேப் சொன்னா, டாக்டருங்க பயன்படுத்துற 2021 சிகேடி-எபி சூத்திரத்துல போட்டா இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்கு, 73 வரும். அதே ரத்தத்தை இன்னொரு லேப் 1.5-ன்னு சொன்னா 56 வரும். 60-க்குக் கீழ இருந்தா சிகேடின்னு சந்தேகப்படணும். 0.3 வித்தியாசத்துல ஒரு மனுஷன் நல்ல ஆளா, நோயாளியாங்கிறதே மாறிப்போகுது. இந்த மாதிரி ரெண்டு லேப் கணக்கையும் ஒரே எக்செல்ல கொட்டி "அந்த ஊர்ல அதிகம், இந்த ஊர்ல கம்மி"ன்னு எழுதுனா நாம எழுதுறது ஊரைப் பத்தி இல்ல, லேபைப் பத்தி.

இதுல பெரும்பங்கு டெஸ்ட் பண்ற முறையில இருக்கு. பழைய ஜாஃபே முறை மலிவு, ஆனா ரத்தத்துல சுகர், கீட்டோன் அதிகமா இருந்தா அதையும் சேர்த்து கிரியாட்டினின்னே படிச்சிரும். ரத்தத்தை எடுத்துட்டு அதோட தெளிஞ்ச நீரான சீரத்தைப் பிரிக்காம ரொம்ப நேரம் வச்சிருந்தாலும் ஜாஃபேல கூடித்தான் காட்டும். பங்குனி வெயில்ல பைக்குல வச்சு மதுரைக்குக் கொண்டுபோனா என்ன ஆகும்னு யோசிங்க. என்சைம் முறையில இந்தத் தொல்லை கம்மி, விலை கூட. உலக அளவுல இதுக்காகவே டிக்ரீ-ன்னு ஒரு பொதுவான ஆய்வு நெறிமுறை இருக்கு, லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஆளுங்க முன்னின்று பல நாட்டுக்காரங்களோட சேர்ந்து உருவாக்குனது. எல்லாரும் ஒரே மாதிரி ஆளைத் தேர்ந்தெடுக்கணும், ஒரே மாதிரி கேள்வி கேக்கணும், கிரியாட்டினின் சர்வதேச அளவுகோலான ஐடிஎம்எஸ்ஸோட பொருந்துற மாதிரி அளக்கணும்னு அதோட சாரம். அதுலருந்து எங்களுக்கு முடியிறதை எடுத்துக்கிட்டோம். எல்லா ரத்தமும் ஒரே லேபுக்கு, என்சைம் முறை, அந்த லேப் லேபுங்க சரியா அளக்குதான்னு வெளியிலருந்து சரிபார்க்க வேலூர் சிஎம்சி நடத்துற வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்துல இருக்கணும், சீரத்தை ஊர்லயே பிரிச்சு ஐஸ் பெட்டியில ஏத்தணும். அதுக்காக வாங்குன, ரத்தத்தைச் சுத்திவிட்டுப் பிரிக்கிற சின்ன சென்ட்ரிஃப்யூஜ்தான் நாங்க வாங்குனதுலயே பெரிய மிஷின். துணை சுகாதார நிலையத்துல ஒரு மேஜை மேல இருக்கு, கரண்டு போனா பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்லருந்து ஒயர் இழுத்து ஓட்டுவோம், அந்த வீட்டு அண்ணன் இதுவரைக்கும் ஒரு வார்த்தை முகஞ்சுழிச்சது கிடையாது.

அங்க இருக்குற நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், அவங்க இல்லாட்டி இந்த ஆய்வுல பாதி தப்பா போயிருக்கும். முதல் கேம்ப்புக்கு நாள் குறிச்சப்ப ஒரு திங்கக்கிழமை காலையில வைக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. இவங்க மெதுவா, "திங்கக்கிழமை வேணாம் சார், ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டுலயும் கறி, அதுலயும் அந்த வாரம் மேலத்தெரு கோயில்ல கெடா வெட்டு, நீங்கதான கறி சாப்பிட்டா உப்பு கூடும்னு கிளாஸ்ல சொன்னீங்க"ன்னாங்க. வேக வச்ச கறி சாப்பிட்டா கொஞ்ச நேரத்துக்கு ரத்தத்துல கிரியாட்டினின் ஏறும், அது பாடப்புத்தகத்துலயே இருக்கு. ஆனா எந்தத் தெருவுல எந்த வாரம் கெடா வெட்டுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அன்னைலருந்து நாள் குறிக்கிற பொறுப்பு அவங்களோடது. வியாழன், வெள்ளி காலையில, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. வேலை முடிஞ்சு சாயங்காலம் எடுத்தா அன்னைக்கு வத்திப்போன தண்ணியும் சேர்ந்து கணக்குல வந்துரும்.

மூணு மாசம்

நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்றதுக்கு விதியே மூணு மாசம். கிட்னி கோளாறு மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாத்தான் சிகேடி. ஒரு தடவை ரத்தத்துல கூடியிருந்தா காய்ச்சலா இருக்கலாம், வாந்தி பேதியா இருக்கலாம், முந்துன நாள் வெயிலா இருக்கலாம். ஒரே தடவை பரிசோதனை பண்ணிட்டு இத்தனை சதவீதம்னு சொல்ற ஆய்வுங்க நிறைய வருது, அதுல எண்ணிக்கை கூடித்தான் வரும். ரெண்டாவது தடவை பண்ணாத ஆய்வை நான் நம்புறதில்ல, இது என் கருத்து, கொஞ்சம் கறாராத்தான் சொல்றேன்.

ஆனா எங்க பக்கம் ரெண்டாவது தடவை ஆளைப் பிடிக்கிறது லேசான வேலை இல்ல. மழை பொய்ச்சா திருப்பூரு, கேரளான்னு கிளம்பிருவாங்க. போன் நம்பர் ரீசார்ஜ் ஆஃபருக்கு ஏத்த மாதிரி மாறும். ஒரே தெருவுல மூணு பாண்டி, ரெண்டு கருப்பசாமி, அப்பா பேரும் ஒண்ணாவே இருக்கும். ஆதார் நம்பர் வாங்கலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு, வேணாம்னு முடிவு பண்ணோம், வாங்குனா மக்கள் பயப்படுவாங்க, அந்த நம்பரைப் பாதுகாக்குற சுமையும் நமக்கு வந்துரும். அதுக்குப் பதிலா மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை பார்க்குற அக்காங்க ரெண்டு பேரு ஒரு நோட்டு போட்டாங்க. பட்டப்பேரு, யாரு வீட்டுக்கு எதிர்த்தாப்புல, வெளியூர்ல இருந்தா எந்தக் கடையில வேலை, ஊர்ல யாருகிட்ட சொன்னா தகவல் போகும்னு எல்லாம் அதுல. அந்த நோட்டு பீரோவுல பூட்டி இருக்கும், கம்ப்யூட்டர்ல ஏறுறது ஒரு குறியீட்டு எண் மட்டும்தான்.

அதுல ஒரு அக்கா சொன்ன யோசனைதான் எங்க ஆய்வோட காலண்டரையே மாத்துனது. "தம்பி, நீங்க தேதி வச்சுத் தேடாதீங்க, கார்த்திகை பொறந்தா வருவாங்க, அடுத்து மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எங்க இருந்தாலும் வந்துருவாங்க, நடுவுல உங்க மூணு மாசம் சரியா இருக்குல்ல?" கணக்குப் பார்த்தா, கார்த்திகை மாசம் பொறந்ததும் எடுத்தா சரியாத்தான் இருக்கு. உசிலம்பட்டி பக்கம் மாசி சிவராத்திரின்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், திருப்பூர்ல சூப்பர்வைசர் லீவு குடுக்கலைன்னா வேலையையே விட்டுட்டு வருவாங்க. அதனால முதல் ரத்தம் கார்த்திகை மாசம் பொறந்ததை ஒட்டி, ரெண்டாவது ரத்தம் சிவராத்திரிக்கு ஊருக்கு வந்த மறுநாள் காலையில, கெடா வெட்டுக்கு முன்னாடி. முன்னாடி தேதி போட்டுத் தேடுனப்ப கிடைக்காத ஆளுங்க தானா பந்தல்ல வந்து உக்கார்ந்தாங்க.

பேராசிரியர் அப்பயும் விடலை. கார்த்திகையும் மாசியும் ரெண்டும் குளுந்த மாசம், வெயில்னால கிட்னி போகுதான்னு கேக்குற ஆய்வுக்கு வெயில் அடிச்சப்புறம் ஒரு ரத்தம் வேணாமான்னாரு. நியாயம்தான். பங்குனி சித்திரை வைகாசி வேலை பார்த்து முடிச்சவங்களுக்கு ஆனி, ஆடியில மூணாவது சுத்து சேர்த்தோம். அதுக்குத் திருவிழா கைகொடுக்காது, ஊர்லயே இருக்குறவங்களை மட்டும்தான் எடுக்க முடியுது, வெளியூர் போனவங்க விட்டுப்போறாங்க. இந்தக் குறை கட்டுரையிலயும் அப்படியே எழுதப்படும்.

கேள்வியைக் கேக்குற விதம்

முதல்ல நாங்க வச்சிருந்த படிவம் வெளிநாட்டு ஆய்வுலருந்து எடுத்து மொழிபெயர்த்தது. "வலி நிவாரணி மாத்திரைகள் உட்கொள்கிறீர்களா?" எல்லாரும் இல்லன்னாங்க. அப்புறம் ஒரு அப்பத்தா வீட்டுல பேசிட்டு இருக்கும்போது முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த காகிதப் பொட்டலத்தை அவிழ்த்து ரெண்டு மாத்திரைய வாயில போட்டாங்க, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ஆரஞ்சு. என்ன அப்பத்தா இதுன்னு கேட்டா, "இது மாத்திரை இல்லப்பா, மேலுவலிக்கு மெடிக்கல்ல குடுக்குற செட்டு". தினமும் சாயங்காலம் ஒரு செட்டு, எத்தனையோ வருஷமா. வெயில்ல தண்ணி வத்துன உடம்புல டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை விழுந்தா கிட்னிக்குப் போற ரத்தம் இன்னும் சுருங்கும், இது மருத்துவத்துல சந்தேகமே இல்லாத விஷயம். இப்ப படிவத்துல கேள்வி வேற: "மேலுவலிக்கு செட்டு வாங்குவீங்களா, கடைசியா எப்ப?" கூடவே மாத்திரை அட்டைங்களோட போட்டோவைக் காட்டுவோம்.

தண்ணி கேள்வியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்னு கேட்டா யாரும் அளந்து குடிக்கிறதில்ல, தோணுன நம்பரைச் சொல்வாங்க. சூளையில வேலை பார்க்குற ஒரு அக்கா பதில் சொல்லாம எங்களைத் திருப்பிக் கேட்டாங்க, "தண்ணியக் குடிச்சா ஒதுங்கணும், அங்க எங்கிட்டுப் போய் ஒதுங்குறது? அதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மொத்தமா குடிச்சுக்கிறது." அதைக் கேட்டதுக்கப்புறம் வேலை எடத்துல ஒதுங்க மறைவு இருக்கா, நிழல் இருக்கா, நடுவுல உக்கார விடுவாங்களாங்கிற கேள்விங்க வந்துச்சு. நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்கள்ல தண்ணி, ஓய்வு, நிழல்னு ஒரு திட்டம் நடத்திப் பார்த்திருக்காங்க, நல்ல பலன் இருக்குன்னு எழுதியிருக்காங்க. எங்க பக்கம் பொம்பளைங்களுக்கு அந்த மூணோட நாலாவதா கழிப்பறையும் வேணும், அது இல்லாம தண்ணி குடிங்கன்னு அறிவுரை சொல்றது அவங்களைக் கேவலப்படுத்துறது.

யாரு கத்துக்கிட்டாங்க

திறன் வளர்க்குறதுன்னா பெரும்பாலும் ஓட்டல்ல ரெண்டு நாள் பட்டறை, பை, பேனா, சான்றிதழ், குரூப் போட்டோ. நாங்க அந்தப் பக்கம் போகலை. மாசத்துல ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாரும் ஒண்ணா உக்கார்ந்து அந்த மாசம் வந்த டேட்டாவையே பார்ப்போம், எந்தப் படிவத்துல எந்தக் கட்டம் காலியா இருக்கு, யாரு எடுத்த பிரஷர் எப்பயும் 120/80-ன்னே முடியுது, ஏன்னு. சொல்லப்போனா இதுதான் எங்க பாடசாலை. நர்சம்மாவும் லேப் தம்பியும் முதல்ல வாயே திறக்க மாட்டாங்க, டாக்டருங்க முன்னாடி எப்படிப் பேசுறதுன்னு. கெடா வெட்டு விஷயத்துக்கப்புறம் தைரியம் வந்துருச்சு. இப்ப லேப் தம்பி, மிஷினைச் சரிபார்க்க ஓட்டுற, அளவு முன்னாடியே தெரிஞ்ச கண்ட்ரோல் சீரத்தோட வரைபடத்தை அவரே போட்டு, ஒரு வாரத்து ரீடிங் மொத்தமா மேல ஏறுது, இந்த பேட்ச்சை மறுபடி ஓட்டணும்னு நிறுத்தி வைக்கிறாரு. ஒரு ஒன்றியத்து லேப் டெக்னீசியன் டாக்டர்கிட்ட "இந்த ரிப்போர்ட்டை இப்ப நம்பாதீங்க சார்"ன்னு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு அரசு ஆஸ்பத்திரி தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

இன்னொண்ணு தீசிஸ். எம்.டி. படிக்கிற ஒவ்வொருத்தரும் தீசிஸ் எழுதியே ஆகணும். பெரும்பாலும் தனித்தனியா ஒரு தலைப்பு, அவசரமா டேட்டா, பரிச்சை முடிஞ்சதும் அலமாரி. அதை நாங்க சங்கிலியா கோர்க்கப் பார்த்தோம். ஒரு வருஷத்துப் பிள்ளை யாருக்கு நோய் இருக்குன்னு எழுதுனா, அடுத்த வருஷத்துப் பிள்ளை அதே ஆளுங்ககிட்ட வேலையும் வெக்கையும் பத்தி எழுதணும், அதுக்கடுத்தவங்க ரெண்டு வருஷத்துல யாருக்கு கிட்னி வேலை இறங்குச்சுன்னு பார்க்கணும். வழிகாட்டுற பேராசிரியர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் நேரமாச்சு, ஆளுக்கொரு தலைப்பு பழகிப்போச்சுல்ல. ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துற அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சி ஆன்லைன்ல இருக்கு, பி.ஜி. பிள்ளைங்க அதை எப்படியும் முடிக்கணும். அதை முடிச்ச கையோட களத்துக்கு வர்றதால படிச்சது உடனே கைக்கு வருது.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்ல. 1976-ல 11 படுக்கையோட மதுரையில ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுத்துத்தான் இவ்வளவு பெருசா வளர்ந்துச்சு, இன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. கண்ணுக்கு முடிஞ்சது கிட்னிக்கு ஏன் முடியாதுன்னு எங்க கிட்னி டாக்டர் அடிக்கடி கேப்பாரு. கண்புரைன்னா ஒரு ஆப்பரேஷன்ல பார்வை வந்துருது, கிட்னி ஆளுக்கு ஆயுசு பூரா கூடவே நடக்கணும், அதனால இது இன்னும் கஷ்டம்னு நான் சொல்வேன். அந்த வாக்குவாதம் இன்னும் முடியலை.

ரத்தம் யாருது, பேரு யாருக்கு

எங்களுக்கு முன்னாடி இந்த ஊர்ல வேற ஒரு பெரிய ஊரு நிறுவனம் வந்து தண்ணியும் ரத்தமும் எடுத்துட்டுப் போயிருக்கு. ரிசல்ட் ஒருத்தருக்கும் வரலை. நாங்க முதல்ல போனப்ப ஒரு பெரியவர் திண்ணையிலருந்து எந்திரிக்காமலே, "எங்க ரத்தத்தை வித்துட்டு இன்னும் பத்தலையா"ன்னு கேட்டாரு. அவரு கோவத்துல தப்பே இல்ல.

அதனால முதல் விதி, ரத்தம் எடுத்த ஒரு வாரத்துக்குள்ள ரிசல்ட் சீட்டு அவங்க கையில, தமிழ்ல, நல்லாருக்கா, மறுபடி பார்க்கணுமா, உடனே டாக்டரைப் பார்க்கணுமான்னு மூணுல ஒண்ணு போட்டு. ரெண்டாவது, சம்மதப் படிவத்தை வாசிச்சுக் காட்டுறது ஊர் ஆளு, கையெழுத்து வாங்க நாங்க அவசரப்படுத்துறதில்ல, வீட்டுல கேட்டுட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்புவோம். நெறிமுறைக் குழு அனுமதி, ஐசிஎம்ஆரோட 2017 நெறிமுறை எல்லாம் இருக்கு, அதுக்கு மேல ஊருக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ரத்த மாதிரிங்களை அங்க அனுப்பச் சொல்லி ஆசையா கேட்டுச்சு. வெளிநாட்டோட சேர்ந்து பண்றதுன்னா சுகாதார அமைச்சகத்தோட ஆய்வுக்குழு அனுமதி வேணும், அது நல்ல விதி. நாங்க அதுக்கு முன்னாடியே சொல்லிட்டோம்: மாதிரி இங்க இருக்கும், அளவுகோல் சரிபார்க்க மட்டும் கொஞ்சம் அனுப்பலாம், டேட்டாவை ஆராயுறது இங்க இருக்குற பிள்ளைங்க, நீங்க கத்துக்குடுங்க. அவங்களும் நல்லவங்க, ஒத்துக்கிட்டாங்க, இப்ப ஒரு பொண்ணு வாராவாரம் ராத்திரி வீடியோ கால்ல அவங்ககிட்ட புள்ளியியல் படிக்குது.

கட்டுரையில யாரு பேரு போடணும்னு ஒரு பெரிய பேச்சு ஓடுச்சு. நர்சம்மாவுக்கும் அந்த நோட்டு போட்ட அக்காவுக்கும் நன்றின்னு கடைசியில ஒரு வரி போட்டா போதும்னு சிலபேரு. எனக்கு அதுல சம்மதமே இல்ல. ஆய்வோட காலண்டரை வடிவமைச்சது அவங்க, அதுக்குப் பேரு வடிவமைப்புதான், ஒரு டாக்டர் அதைச் சொல்லியிருந்தா யோசிக்காம பேரு போட்டிருப்போம். வரைவைத் தமிழ்ல விளக்கி, அவங்க திருத்தம் சொல்லி, ஒப்புதல் குடுத்தா அவங்களும் ஆசிரியர்தான்னு முடிவாச்சு.

கண்டுபிடிச்சதுக்கப்புறம்

ரெண்டாவது ரத்தத்துலயும் கிட்னி வேலை குறைஞ்சிருக்குன்னு உறுதியான ஆளை என்ன பண்றதுங்கிறதை ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுட்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பிரஷர் மாத்திரை, செட்டு மாத்திரைய நிறுத்துறது, தேவைப்பட்டவங்களுக்கு டாபாகிளிஃப்ளோசின், சுகருக்குன்னு வந்த மாத்திரை. 2020-ல இந்தியாவுல அதோட காப்புரிமை முடிஞ்சு உள்ளூர் கம்பெனிங்க போடுறதால விலை இறங்கிருச்சு, சுகர் இல்லாத கிட்னிக்காரங்களுக்கும் அது உதவும்னு அதே வருஷம் ஒரு பெரிய ஆய்வு சொல்லுச்சு. ஆனா அந்த ஆய்வுல புரோட்டீன் ஒழுகுறவங்களைத்தான் சேர்த்தாங்க, எங்க ஆளுங்களுக்குப் புரோட்டீன் கொஞ்சமாத்தான் போகுது, சில பேருக்குப் போறதே இல்ல, அப்ப இவங்களுக்கு அது எவ்வளவு உதவும்கிறதை யாராவது ஒழுங்கா பார்த்தாகணும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற எடம் பெரிய நகரத்து ஆஸ்பத்திரி இல்ல, இவங்க இருக்குற ஊருதான்.

முத்துன கேஸ்ங்க மதுரைக்கு, முதலமைச்சர் காப்பீட்டுல டயாலிசிஸ் வரைக்கும். ஒவ்வொருத்தரையும் முதல் தடவை எங்க ஆளு ஒருத்தர் கூடவே கூட்டிட்டுப் போகணும், ஓ.பி. சீட்டு எங்க போடுறது, எந்தக் கதவுங்கிறது தெரியாமலே பாதிப் பேரு திரும்பிருவாங்க. இதுக்கு ஆராய்ச்சி பட்ஜெட்ல எடம் கிடையாது, பஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் வேற வழியில பார்த்துக்கிறோம்.

பணம் பத்தி ஒண்ணு சொல்லணும். மான்யம் ரெண்டு வருஷத்துக்குத்தான் வருது, அதுல மிஷின் வாங்கலாம், சம்பளம் கூடுதலா போட முடியாது. ஆனா இந்த வேலையில செலவே ஆளுதான், பெட்ரோல்தான். பழக்குன களப்பணியாளர் ஒருத்தர் சம்பளம் நின்ன மாசத்துல மைக்ரோ ஃபைனான்ஸ் கலெக்ஷனுக்குப் போயிட்டாரு, அவரோட போனது தெருத் தெருவா அவருக்கு இருந்த பழக்கம். நாள்பட்ட நோயை ஆராயுறவங்களுக்கு மான்யம் குடுக்குறவங்க அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு சின்னத் தொகையா குடுத்தா போதும், ஒரே தடவை பெருசா குடுக்குறதை விட அது எவ்வளவோ மேல். 2025 மே மாசம் உலக சுகாதார சபையிலயே கிட்னி ஆரோக்கியத்துக்குன்னு முதல் தடவையா தீர்மானம் போட்டிருக்காங்க, அதைக் காட்டியாவது கேட்டுட்டு இருக்கோம்.

இப்ப தேனி மாவட்டத்துலருந்து ஒரு டாக்டரும், நிலக்கோட்டை பக்கம் ஃபுளோரைடு தண்ணி உள்ள ஊர்கள்ல வேலை பார்க்குற ஒரு குழுவும் நாங்களும் பண்றோம்னு வந்திருக்காங்க. படிவம், பயிற்சிப் பாடம், லேப் முறை எல்லாத்தையும் காசு வாங்காம குடுக்குறோம். கேட்டுக்கிட்டது மூணு விஷயம்: ரத்தம் அதே அளவுகோல்ல அளக்கணும், ரிசல்ட் சீட்டு ஒரு வாரத்துல கைக்குப் போகணும், ரெண்டாவது ரத்தத்துக்கு ஆளுங்க எப்ப ஊருக்கு வருவாங்கன்னு அந்த ஊர்ப் பொம்பளைங்ககிட்ட கேட்டு எழுதுன ஒரு காலண்டரைக் கொண்டு வரணும். தேனிக்காரங்க காலண்டர் வந்துருச்சு, அங்க சிவராத்திரி இல்ல, சித்திரையில வீரபாண்டித் திருவிழாவ வச்சுப் போட்டிருக்காங்க, அதுக்கு மூணு மாசத்துக்கும் மேல முன்னாடி தைப்பொங்கல்ல முதல் ரத்தம்.